ஆளுக்கு ஆறு மெத்தை

எங்கள் சமூக அரங்கில் காலையில் யோகா, மதியம் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு, யாருக்காவது கூட்டம் போட வேண்டுமென்றால் அதுவும் அங்கேதான். பொழுது சாய்ந்த பிறகுதான் அந்த இடத்துக்கு அரங்கம் என்ற பெயர் பொருந்தும். அடுத்த மாதம் அங்கே நடக்கவிருக்கும் நிகழ்ச்சிகளுக்கு நோட்டீஸ் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு நாடகம், வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்த ஒரு கச்சேரி, ஒரு சேர்ந்திசைக் குழு. "பேரு, தேதி, நேரம் வாங்கிப் போட்டா முடிஞ்சுது" என்று சொல்லித்தான் ஒப்படைத்தார்கள்.

நாடக இயக்குநரிடம் போனேன்.

"சார், நாடகத்துக்குப் பேரு?"

"இன்னும் வைக்கலை தம்பி. முடிவு தெரிஞ்சாத்தானே பேரு வைக்க முடியும்?"

"முடிவு எப்போ தெரியும் சார்?"

"அதைத்தான் ஒத்திகையில தேடிக்கிட்டிருக்கோம்."

கதைச் சுருக்கமாவது கொடுங்கள் என்றேன். "பேய் வரும்னு போடுங்க. நகைச்சுவைன்னும் போடுங்க. ஜனங்க பயந்தாலும் சரி, சிரிச்சாலும் சரி, நாம தப்பிச்சோம்" என்றார். முப்பது வருட அனுபவம் பேசியது.

கச்சேரிக்காரர்கள் நேர் எதிர். புல்லாங்குழல் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் போட்டாலே நோட்டீஸின் இரண்டு பக்கமும் நிரம்பிவிடும். அப்புறம் வயலினை எங்கே வைப்பது? சேர்ந்திசைக் குழு ஒரே ஒரு புகைப்படம் அனுப்பியது. நாற்பது பேர், தூரத்தில், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: எல்லார் முகமும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் போகட்டும். பெரிய தகராறு நாடகத்தின் இரண்டு முதன்மை நடிகர்களால் வந்தது. யார் பெயர் முதலில்? இருவரும் தனித்தனியாக என்னை ஓரங்கட்டி, "எனக்கு இதெல்லாம் பெரிசில்லை, ஆனா..." என்று ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். 1974-ல் ஹாலிவுட்டில் ஸ்டீவ் மெக்குவீன், பால் நியூமன் இருவரும் ஒரே படத்தில் நடித்தபோதும் இதே சிக்கல்தான். மெக்குவீன் பெயரை இடப்பக்கம் கீழேயும் நியூமன் பெயரை வலப்பக்கம் சற்று மேலேயும் போட்டுத் தீர்த்தார்கள். இடமிருந்து படித்தால் ஒருவர் முதல், மேலிருந்து படித்தால் மற்றவர் முதல். நானும் அதையே செய்தேன். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் விழுந்ததா, வடிவமைத்த பெண் அதை வீணாக்க மனமில்லாமல் மூன்றாவது நடிகரின் பெயரை அங்கே வைத்துவிட்டார். அவருக்கு மொத்தமே இரண்டு வசனம். இப்போது நோட்டீஸைப் பார்க்கிற எவரும் அவர்தான் கதாநாயகன் என்று சத்தியம் செய்வார்கள்.

உண்மையான கூத்து ஒத்திகை மாலையில்தான் நடந்தது. நாள் கிடைக்காததால் நாடகமும் கச்சேரியும் ஒரே மாலையைப் பங்கு போட்டுக்கொண்டன. எங்கள் அரங்கம் நான்கு பக்கமும் வெறும் சுவர். கை தட்டினால் அந்தச் சத்தம் ஒரு சுற்று சுற்றி வந்து நம்மையே பாராட்டும். வயலின் கலைஞர் ஒரு சுரம் இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹா, என்ன நாதம்! அந்தத் திரைச்சீலையையும் கழற்றிடுங்க, இன்னும் நல்லா இருக்கும்." அடுத்து நாடக இயக்குநர் ஏறி ஒரு வசனம் பேசினார். அந்த வசனம் முடிவதற்குள் முதல் சொல் திரும்பி வந்து அவரையே குறுக்கிட்டது. "சுவர் பூராவும் திரை கட்டுங்க. இல்லாட்டி என் பேய் என்ன பேசுதுன்னு பேய்க்கே புரியாது."

இரண்டு பேரும் சொன்னது நியாயம். பேச்சுக்கு அறையின் முழக்கம் ஒரு நொடிக்குள் அடங்க வேண்டும், இசைக்கு இரண்டு நொடி அளவுக்கு நீண்டால் சுகம். ஒரே அரங்கில் இரண்டையும் நடத்துகிறவர்களுக்கு உலகமெங்கும் இதே தலைவலிதான்.

எங்கள் சவுண்ட் அண்ணன் மட்டும் அசையவில்லை. எந்தப் புகாருக்கும் அவரிடம் இருப்பது ஒரே பதில்: "ஆளு வந்தா சரியாயிடும்." வேலையிலிருந்து நழுவுகிற பேச்சு என்றுதான் அதை எல்லாரும் நினைப்போம். ஆனால் அண்ணன் பக்கம் ஹார்வர்டு பல்கலைக்கழகமே நிற்கிறது. 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேராசிரியர் பேசினால் ஒரு சொல் ஐந்தரை நொடி ஒலித்துக்கொண்டே இருந்ததாம். அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரை விட்டார்கள். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அரங்க ஒலியியல் என்ற துறையே இப்படித்தான் பிறந்தது. 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கும் இவர்தான் ஆலோசகர். சத்தத்தை உறிஞ்சுவதில் ஒரு சராசரி மனிதர் ஏறக்குறைய ஆறு மெத்தைகளுக்குச் சமம் என்பதும் அவர் கண்ட ஒரு கணக்கு.

நான் இதைச் சொன்னதும் அண்ணன் முகத்தில் ஒரு களை வந்தது. "அப்போ ஆளை உக்கார வெச்சுப் பார்த்துடலாம் தம்பி" என்று கிளம்பிவிட்டார். கச்சேரிக்கு ஒலி சரிபார்க்கும்போது நாடகக்காரர்கள் மெத்தை, நாடகத்துக்குக் கச்சேரிக்காரர்கள் மெத்தை.

நடிகர்களைச் சும்மா உட்காரச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒருவர் பெருமூச்சு விடுகிறார், ஒருவர் உருகிக் கண்ணைத் துடைக்கிறார். இரண்டு வசன நடிகர் எழுந்து நின்றே கைதட்டினார், நோட்டீஸ் கொடுத்த தெம்பு. "மெத்தை பேசக் கூடாது!" என்று அண்ணன் பின்னாலிருந்து கத்தினார். இயக்குநர் மட்டும் நன்றாகத் தூங்கிவிட்டார். அன்றைக்கு இருந்ததிலேயே தரமான மெத்தை அவர்தான்.

மேடை விளக்குகள் எரிய எரிய இன்னொரு சண்டை முளைத்தது. "சார், நீங்க சுருதி இறங்குறீங்க" என்கிறார் புல்லாங்குழல். "நான் இறங்கலை, நீங்கதான் ஏறுறீங்க" என்கிறது வயலின். இதிலும் இரண்டு பேரும் சொன்னது உண்மை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும், அதனால் குழலின் சுருதி ஏறும். கம்பியோ சூட்டில் தளர்ந்து இறங்கும். அறிவியல்படி யாரும் குற்றவாளி இல்லை என்று விளக்கினேன். இருவருக்கும் அது பிடிக்கவில்லை. அடுத்தவர் குற்றவாளி என்று சொல்லியிருந்தால்தான் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் பேய்க் காட்சி. பேயாக நடிப்பவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னாலேயே வந்து நின்றார். மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கரில் வந்து, அது மறுபடி மைக்குக்குள் போய், சுற்றிச் சுற்றிப் பெருத்து ஒரு ஊளை கிளம்பியது பாருங்கள். சோரன் லார்சன் என்ற டென்மார்க் இயற்பியலாளர் ஆராய்ந்ததால் இதற்கு லார்சன் விளைவு என்று பெயர். பேய் பதறிப்போய் மைக்கின் தலையைக் கையால் பொத்தினார். எல்லாரும் செய்வதுதான். ஆனால் பொத்தினால் நாலா பக்கமிருந்தும் வரும் சத்தத்தை மைக் வாங்க ஆரம்பிக்கும், ஊளை இரட்டிப்பாகும். ஆனது.

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த இயக்குநர் துள்ளி எழுந்தார். "அருமை! இதை அப்படியே வெச்சுக்கலாம்!"

"சார், அது கோளாறு" என்றார் அண்ணன்.

"இல்லை, அதுதான் பேய்."

"சார், கேக்குறவங்க என்னைத் திட்டுவாங்க. முப்பது வருஷமா அதை வராமப் பண்றதுதான் சார் என் தொழிலே."

தன் கோளாறைக் கலை என்று ஒருவர் பாராட்டும்போது சந்தோஷப்படுவதா அவமானப்படுவதா என்று தெரியாமல் நின்ற அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இயக்குநருக்கு உற்சாகம் ஏறி, பேய் வரும்போது வெடிச்சத்தமும் நெருப்பும் வேண்டும் என்று அடுத்த குண்டைப் போட்டார். 1613 ஜூன் 29 அன்று லண்டனில் ஷேக்ஸ்பியரின் குழு நடத்திய குளோப் அரங்கில் இப்படித்தான் ஒரு காட்சிக்காகப் பீரங்கி வெடித்தார்கள். பொறி கூரை வேய்ந்திருந்த புல்லில் விழுந்து அரங்கமே எரிந்துபோனது. ஒருவரின் கால்சட்டையில் தீப்பிடித்து, மதுவை ஊற்றி அணைத்தார்கள் என்று அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது. இதை நான் சொல்லி முடித்ததும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜனங்க அந்த நாடகத்தை மறக்கவே இல்லை பாத்தீங்களா" என்றார். தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. நாடகத்தன்று சுவரெல்லாம் திரை, கச்சேரியன்று எல்லாம் கழற்றல். சேர்ந்திசைக் குழுவைக் கேட்டோம், நாற்பது பேரும் நாற்பது விதமாகச் சொன்னதால் பாதித் திரை. நெருப்பு கிடையாது. ஊளை உண்டு, ஆனால் அது வேண்டுமென்றே செய்வது என்று தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும் என்பது அண்ணனின் நிபந்தனை. நாடகத்துக்கும் ஒருவழியாகப் பெயர் கிடைத்தது: 'ஆளு வந்தா சரியாயிடும்'. முடிவு இன்னும் கிடைக்கவில்லை.

நோட்டீஸ் அச்சுக்குப் போகும் நேரத்தில் அண்ணன் ஓடி வந்தார். உடுப்பு தடிமனாக இருந்தால் சத்தத்தை இன்னும் உறிஞ்சும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவும் சரிதான். உடனே நாடகத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாயிற்று: "பார்வையாளர்கள் கனமான உடையில் வந்தால் நல்லது." விஷயம் வயலின் கலைஞர் காதுக்குப் போனது. கச்சேரிக்குக் கீழேயும் ஒரு வரி: "மெல்லிய உடை விரும்பத்தக்கது."

நோட்டீஸ் வெளியே போனதிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. நாடகத்தைப் பற்றியோ கச்சேரியைப் பற்றியோ இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் அரங்கத்து ஏசி ஒரு நாள் மட்டும் ஏன் வேலை செய்யாது என்றுதான் கேட்கிறார்கள்.