ஓரளவு

"இத எழுதிப்புடாத தாயி."

குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மா, ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நான் எழுதினேன் என்றும் சொல்லலாம், எழுதவில்லை என்றும் சொல்லலாம். படிவத்தில், நோயாளிகளின் வலி கட்டுப்படுகிறதா என்ற கேள்விக்கு எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன: ஆம், ஓரளவு, இல்லை. நடுக்கட்டத்தில் டிக் போட்டேன்.

குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்துக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளை, வருடத்துக்கு ஒரு முறை ஆள் அனுப்பிப் பார்த்துவரச் சொல்லும். கணக்கைப் பார்க்க அவர்களுடைய கணக்காளர் வருவார். நோயாளிகளைப் பார்க்க அந்த வருடம் என்னைக் கூப்பிட்டார்கள். இப்படிப்பட்டவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சையில் 16 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கோழிக்கோட்டில் ஆறு வாரம் பயிற்சி எடுத்தவள். தெரிந்த வேலைதானே என்று நினைத்துப் போனேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது நல்ல இடம். ஒரு ஹாஸ்பிஸ், அதாவது இப்படிப்பட்ட ஓர் இல்லம், எப்படி நடக்கிறது என்பதை எனக்கு முதலில் சொல்வது மூக்கு. வாய், கன்னம், மார்பு என்று புற்று வெடித்து வெளியே வந்த புண்கள் இருக்கும் வார்டில் நாற்றம் இல்லாமல் இருப்பது தானாக நடக்காது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவ வேண்டும், வேளை தவறாமல் கட்டு மாற்ற வேண்டும், கழற்றிய பஞ்சை அந்த நிமிடமே வெளியே கொண்டுபோக ஒருவர் வேண்டும். அங்கே பினாயில் வாசனைகூடத் தூக்கலாக இல்லை. நாற்றத்தை மூடி மறைக்கிற இடங்களில்தான் பினாயில் மூக்கைத் துளைக்கும்.

அப்புறம் வாய். கையுறை மாட்டிக்கொண்டு நாலைந்து பேரின் நாக்கைப் பார்த்தேன். தானாகத் தண்ணீர் குடிக்க முடியாத ஒருவருடைய வாய் சுத்தமாகவும் ஈரமாகவும் இருந்தால், யாரோ ஒருவர் ஈரத்துணியோடு அடிக்கடி அந்தக் கட்டிலுக்கு வந்துபோகிறார் என்று அர்த்தம். முதுகையும் குதிகாலையும் திருப்பிப் பார்த்தேன். 18 பேரில் படுக்கைப்புண் இரண்டு பேருக்குத்தான். அந்த இரண்டும் வரும்போதே இருந்தவை என்று அளவோடு குறித்து வைத்திருந்தார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

இதையெல்லாம் நான் போட்ட டிக்குக்கு நியாயம் தேடத்தான் சொல்கிறேனோ என்னவோ. ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

பதினொரு மணிக்கு அந்த அம்மாவின் கணவரிடம் போனேன். கன்னத்தில் புற்று. பேச்சு குழறும் என்பதால் விரலைக் காட்டச் சொன்னேன். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து, இப்போது எவ்வளவு ஐயா? இரண்டு விரல் காட்டினார். சார்ட்டைப் பார்த்தேன். முந்தின நாள் 2. அதற்கு முந்தின நாள் 3. அதற்கும் முன்னால் 2. நானும் 2 என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

கடும் வலிக்குக் கொடுக்கும், அபினிலிருந்து எடுக்கும் மருந்து மார்ஃபின். வாய்வழியாகக் கொடுத்தால் அதன் வேகம் சுமார் ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். அவர் பத்து மணி மாத்திரை விழுங்கிச் சரியாக ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இதையே நர்ஸிங் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவள் நான். வலி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் போதாது, எப்போது கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்று போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கணக்காளர் மார்ஃபின் ரெஜிஸ்டரை முடித்துவிட்டு, "மூணு மாசத்துல ஒரு மாத்திரைகூடப் பிசகல மேடம்" என்றார். நானும் வாங்கிப் புரட்டினேன். வந்தது, கொடுத்தது, மீதி, இரண்டு கையெழுத்து. நேரம் அச்சடித்த கட்டங்கள்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நாலு மணிக்கு ஒரு தடவை. நடு ராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்று இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு. எல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது.

குழாயடிக்கு நான் கை கழுவப் போனேன். "எப்படிப் பாத்துக்கிறாங்கம்மா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"தங்கமாப் பாத்துக்கிறாக" என்றார். குடும்பத்தாரிடம் வாங்கும் தாளிலும் அவர் கைநாட்டுக்கு மேலே 'மிகவும் திருப்தி' என்றுதான் இருந்தது. தட்டைக் கவிழ்த்து வைத்தபடியே மெதுவாகச் சொன்னார்: "ராத்திரிதேன் அவுகளுக்கு முடியல. எட்டு மணிக்கு ரெண்டு மாத்திரை குடுத்துருவாக. மூணு மணிக்கெல்லாம் முழிச்சுக்கிருவாக. சத்தம் கேக்கக் கூடாதுன்னு துண்ட வாயில பொத்திக்கிட்டுக் கெடப்பாக. விடிஞ்சா சிஸ்டர் வந்துருவாக."

"நைட் நர்ஸைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா வந்துரும் தாயி அந்தப் புள்ள. தண்ணி குடுக்கும், நெஞ்சத் தடவிக் குடுக்கும். சாவி இல்லாம அது என்ன செய்யும்?"

என் முகம் மாறியிருக்க வேண்டும். அப்போதுதான் கையைப் பிடித்தார். "இத எழுதிப்புடாத தாயி. இங்கிட்டிருந்து அனுப்பிட்டா நாங்க எங்கிட்டுப் போவோம்?" புண் நாற்றம் தாங்கவில்லை என்று வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால்தான் அவர்கள் இங்கே வந்தார்கள் என்பது கேஸ் ஷீட்டில் இருந்தது.

நான் திரும்பிப் போய் ரெஜிஸ்டரை மறுபடியும் கேட்டு வாங்கினேன். இடையில் வலி வந்தால் கொடுக்கும் கூடுதல் மாத்திரைக்கு ஒரு தனிப் பத்தி இருந்தது. காலையில் இருந்தது, மத்தியானம் இருந்தது, சாயங்காலமும் இருந்தது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை மூன்று மாதத்தில் ஒரு பதிவுகூட இல்லை. மார்ஃபினில் இருந்தவர்கள் 11 பேர். எங்கள் வார்டில் கூடுதல் மாத்திரை அதிகம் போவதே ராத்திரியில்தான். இருட்டு, தனிமை, பயம் எல்லாம் சேர்ந்து வலியைப் பெரிதாக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே பக்கங்களைப் புரட்டி, கையெழுத்து எவ்வளவு அழகு என்று நினைத்தவள் நான்.

இன்சார்ஜ் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, அலமாரிச் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கழுத்துச் சங்கிலியை இழுத்துக் காட்டினார். இரண்டு பூட்டுக்கும் உரிய இரண்டு சாவிகள் தாலிக்குப் பக்கத்தில் தொங்கின.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு மாத்திரை குறைஞ்சிருச்சு மேடம். நைட் டூட்டிப் பொண்ணு கை தவறிக் கீழ போட்டு, தண்ணியில கரைஞ்சு போச்சு. பயந்துக்கிட்டுச் சொல்லல. இன்ஸ்பெக்‌ஷன்ல என்னைத்தான் நிக்க வச்சுக் கேட்டாங்க. போலீஸ் கேஸாயிரும்னாங்க. அதுலருந்து யார்கிட்டயும் குடுக்கிறதில்ல." அவருடைய ஊருக்குக் கடைசி பஸ் எட்டே கால் மணிக்கு. அதனால்தான் இரவு 10 என்று அச்சடித்த கட்டத்தின் மாத்திரை எட்டு மணிக்கே போகிறது. எட்டிலிருந்து ஆறு வரை பத்து மணி நேரம். இரட்டை அளவு கொடுத்தாலும் அவ்வளவு தூரம் தாங்காது.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் அந்தப் பயம் தெரியும். 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, மார்ஃபின் வைத்திருப்பதே வம்பு என்று ஆஸ்பத்திரிகள் ஒதுங்கிக்கொண்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற இடம் முறையாக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று வழி பிறந்தது. ஆனால் ஒரு தடவை நிற்க வைத்துக் கேட்கப்பட்ட நர்ஸுக்குத் திருத்தம் வந்து என்ன. டூட்டி மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து மாத்திரையை எண்ணிக் கையெழுத்துப் போட்டுச் சாவியை நைட் நர்ஸிடம் கொடுப்பது எங்கள் இடத்து வழக்கம் என்று சொன்னேன். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ரிப்போர்ட்ல வருமா மேடம்?"

ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் அதையே கேட்டார்கள்.

'நோயாளிகளின் வலி உரிய முறையில் கட்டுப்படுத்தப்படுகிறதா?' இது அவசியம் என்ற தலைப்பின் கீழ் வரும் கேள்வி. அந்தத் தலைப்பில் ஒரு 'இல்லை' விழுந்தாலும், சரிசெய்து மறுபடி பார்க்கும்வரை பணத்தை நிறுத்தி வைப்பார்கள். முந்தின வருடம் வேறொரு இல்லத்துக்கு அப்படி நின்றது எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில்தான் டயப்பர், கட்டுத்துணி, அரிசி, அந்த நைட் நர்ஸின் சம்பளம் எல்லாம். 'ஓரளவு' என்று போட்டுவிட்டு, குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 'இரவு நேர மருந்து வழங்கும் முறையை மேம்படுத்தலாம்.' அறக்கட்டளையில் யாரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும்படியாகவா நான் எழுதினேன்? துண்டை வாயில் பொத்திக்கொண்டு விடியும்வரை கிடந்த மனிதரைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் அது.

பகலெல்லாம் அவருக்கு வலி அடங்கித்தானே இருந்தது, 'ஓரளவு' என்பது பொய் இல்லையே என்று சில நாள் தோன்றும். எங்கள் வேலைக்கு வழிகாட்டியான சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாக இருந்து பிறகு டாக்டருக்குப் படித்தவர். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். வலி திரும்பி வரும்வரை காத்திருக்காதே, வருவதற்கு முன்னாலேயே மருந்தைக் கொடு என்பதுதான் அவர் நடத்திக் காட்டியது. அந்த அளவுகோலை வைத்தால் பதில் 'இல்லை' மட்டும்தான். ராத்திரி பத்து மணி நேரத்தைக் கழித்துவிட்டு வலி நிவாரணம் என்று ஒன்று கிடையாது.

சரி, 'இல்லை' போட்டிருந்தால்? இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு எப்படிப்பட்ட பராமரிப்பு கிடைக்கிறது என்று 2010இல் 40 நாடுகளை வரிசைப்படுத்தினார்கள். நாம் நாற்பதாவது. 2015இல் 80 நாடுகளில் 67ஆவது. இருக்கிற இடங்களே விரல்விட்டு எண்ணும் நிலையில், ஒரு நல்ல இடத்தின் பணத்தை என் கையால் நிறுத்தியிருந்தால் அந்த 18 பேரும் எங்கே போவார்கள்? இப்படி நினைக்கும்போது மனசு சமாதானமாகும். அப்புறம் அந்த அம்மாவின் ஈரக்கை ஞாபகத்துக்கு வரும். அவர் பயந்துபோய் எழுதாதே என்றார். அந்தப் பயத்தைப் போக்குவது என் வேலையாக இருந்திருக்க வேண்டும். நானோ அதையே எனக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டேன். இப்படிக் குறை எழுதுவதால் ஒரு நோயாளியையும் அனுப்ப மாட்டார்கள் என்று அவரிடம் நான் ஏன் சொல்லவில்லை? அறக்கட்டளைக்குப் போன் போட்டு, பணத்தை நிறுத்தாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா என்று ஏன் கேட்கவில்லை? மூன்று கட்டங்களுக்கு வெளியே வழி இருந்திருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி காத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் காரணமோ என்றுகூட நினைக்கிறேன்.

அவருடைய 'மிகவும் திருப்தி'யும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முகம் சுளிக்காமல் புண்ணைத் துடைத்தார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வேளைக்குச் சோறு போட்டார்கள். வீட்டைவிட்டு விரட்டப்பட்டு வந்தவருக்கு அது பெரிய விஷயம். ராத்திரி வலியை அவர் இல்லத்தின் குறையாகவே எண்ணவில்லை. நோயின் கணக்கில் சேர்த்துவிட்டார். வலி இல்லாமல் இருக்கலாம் என்பதே தெரியாதவரிடம், திருப்தியா என்று கேட்டு வாங்கும் கைநாட்டை வைத்து நான் எதை மதிப்பிடுவது? ஆனால் அவர் சொன்ன திருப்தியைத் தள்ளிவிட்டு, உங்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் என்று சொல்ல நான் யார் என்றும் இருக்கிறது.

பத்து நாள் கழித்து இன்சார்ஜ் சிஸ்டருக்குப் போன் செய்தேன். "மாத்திட்டோம் மேடம். சாவி இப்ப நைட் டூட்டிகிட்டதான். எண்ணிக் கையெழுத்துப் போட்டுத்தான் குடுக்கிறேன்" என்றார். குரலில் ஒரு தெம்பு இருந்தது. அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒரு மாதம் போயிருக்கும், அந்த அம்மா கூப்பிட்டார். என் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். "அவுக போயிட்டாக தாயி." எப்போது என்று கேட்டேன். நான் வந்துபோன நாலாம் நாள், விடியக்காலை நாலு மணி. "நல்லாப் பாத்துக்கிட்டாக. அந்த நைட்டுப் புள்ள கடைசி வரைக்கும் கையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருந்துச்சு." அந்தப் பிள்ளையிடம் அன்றைக்குச் சாவி இருந்ததா என்று கேட்க வாய் வரை வந்தது. "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

இந்த வருடம் மறுபடியும் என்னையே போகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் போகிறேன். அந்த நாலு ராத்திரிகளின் பக்கமும் ரெஜிஸ்டரில் இருக்கும், பழையதை எடுத்துத் தரச் சொன்னால் தருவார்கள். கூடுதல் மாத்திரைப் பத்தியில் பதிவு இருந்தால் சாவி மாறியது உறுதியாகிவிடும். இல்லாவிட்டாலும், இரவு 10 என்ற கட்டத்தில் டிக் மட்டும் கட்டாயம் இருக்கும். எட்டு மணிக்குக் கொடுத்தபோதும் அதே கட்டத்தில்தான் டிக் போட்டார்கள்.