புகையிலை ஏற்றுமதி–இறக்குமதி: ஒரே ஒரு அட்டவணைக்குப் பட்ட பாடு

அட்டவணை ஒருவழியாகக் கைடு மேசைக்குப் போய்விட்டது. 1991-92 தொடங்கி இந்தியாவின் புகையிலை ஏற்றுமதி, இறக்குமதி, ஆண்டுவாரியாக. கேட்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் முடிகிற வேலை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இதே வழியில் வரப்போகிற ஆய்வு மாணவர்களுக்காக, வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில், காசு கொடுத்து வாங்காதீர்கள். "ரெடிமேடு டேட்டா" தருவதாகச் சொன்ன ஒரு தனியார் ஆளிடம் துறையிலிருந்தே பணம் கட்டினார்கள். வந்த எக்செல் கோப்பில், சுங்கக் குறியீட்டில் புகையிலைக்கான 24ஆம் அத்தியாயம் முழுவதற்கும் அளவு என்று ஒரே எண். அதில் இலைப் புகையிலை கிலோவில் இருக்கும். சிகரெட், சுருட்டு, பீடி எல்லாம் எண்ணிக்கையில் இருக்கும். இரண்டையும் போட்டுக் கூட்டி வைத்திருக்கிறார் மனுஷன்! ஃபோன் செய்தால், "மேடம், டோட்டல் டாலி ஆகுதே" என்கிறார். ஆகாமல் என்ன செய்யும்?

அவர் எடுத்த இடமே மத்திய வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி–இறக்குமதி தரவு வங்கிதான். அது எல்லோருக்கும் இலவசம். 24 என்று இரண்டு இலக்கத்தோடு நிற்காமல் எட்டு இலக்கம் வரை இறங்குங்கள். 2401 இலையும் கழிவும். 2402 சுருட்டு, சிகரெட். பீடி, மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி, ஹூக்கா எல்லாம் 2403. இறங்கியதும் ஒரு கண்ணி காத்திருக்கும். அட்டவணைத் தலைப்பில் "அளவு ஆயிரங்களில்" என்று இருக்கும். சிகரெட்டுக்கு எதிரே அலகும் ஆயிரம். அதாவது அங்கே 1 என்றால் 10 லட்சம் சிகரெட். எங்கள் துறையிலேயே ஒரு பழைய ஆய்வேடு இதை ஆயிரமாக எடுத்துக்கொண்டு முடிவுரை வரை போயிருக்கிறது. யார் என்று சொல்ல மாட்டேன்.

தேர்ந்தெடுத்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். முந்தைய ஆண்டுக்கான பத்தியில் இருக்கும் எண்ணையே எடுங்கள். புதிய ஆண்டின் எண் தற்காலிகமானது, பிறகு திருத்துவார்கள். 2023-24 எண்ணை 2024-25 போட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். ஏறக்குறைய 12,000 கோடி ரூபாய் ஏற்றுமதி, அதில் பெரும்பங்கு குண்டூர், பிரகாசம், மைசூரு பக்கத்து இலை. சிகரெட்டும் மற்றதும் அதற்குப் பின்னால்தான். இதனால்தான் கைடு இலையைத் தனிப் பத்தியில் போடச் சொன்னார். நியாயமான பேச்சு.

எல்லா நாடுகளின் வணிகக் கணக்கையும் தருகிற ஐ.நா.வின் காம்ட்ரேட் தளத்தோடு ஒத்துப் பார்த்தால் தலை சுற்றும். அங்கே ஜனவரி–டிசம்பர், நம் கணக்கு ஏப்ரல்–மார்ச். இது போதாதென்று, நாம் பெல்ஜியத்துக்கு ஏற்றியதாகச் சொல்கிற மதிப்பும் பெல்ஜியம் நம்மிடம் வாங்கியதாகச் சொல்கிற மதிப்பும் ஒன்றாக இருக்காது. ஏற்றுமதிக்குக் கப்பலேற்றும் வரைக்குமான விலை, இறக்குமதிக்கு அதோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேரும். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியது அங்கிருந்து வேறு நாட்டுக்கும் போகும். பெல்ஜியக்காரர்கள் இத்தனை புகைக்கிறார்களா என்று வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அதிகம் அலைக்கழித்தது 2404. உலகச் சுங்கக் குறியீடு 2022இல் மாறியபோது புதிதாக வந்த தலைப்பு. எரிக்காமல் உறிஞ்சுகிற பொருட்கள், நிக்கோட்டின் திரவம் எல்லாம் இதற்குள். இந்தியாவில் 2022 ஜனவரி 1 முதல் அமல், ஆகவே 2021-22 நிதியாண்டின் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் திடீரென்று முளைக்கிறது. 2019இலேயே இ-சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டதே, பிறகு எப்படி இறக்குமதி என்று குழம்பாதீர்கள். புகைப்பழக்கத்தை விடுவதற்கு மெல்லும் நிக்கோட்டின் கம், தோலில் ஒட்டும் பட்டை இரண்டும் இதே 2404தான். புகையிலை வியாபாரம் கூடியதாக அதைக் காட்டினால் மானம் போகும். நான் அந்தத் தலைப்பைக் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் அடிக்குறிப்பு போட்டுவிட்டேன்.

பீடி பற்றி எழுதுகிற தென்காசி, திருநெல்வேலி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பீடி சுற்றும் இலை 24ஆம் அத்தியாயத்தில் இல்லை, 1404இல் இருக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் இலங்கைக்குப் போகும் வழியில் பிடிபடுகிற மூட்டைகள் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

இனி நூலகக் கதை. தரவு வங்கி தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு முன்னால் போகாது. அதற்கு, வணிகப் புள்ளிவிவரம் திரட்டும் மத்திய அரசு அலுவலகமான டி.ஜி.சி.ஐ.எஸ். அச்சிட்ட மாதாந்திர வெளிநாட்டு வாணிபப் புள்ளிவிவரத் தொகுதிகள் வேண்டும். மார்ச் இதழில்தான் ஏப்ரல்–மார்ச் முழு ஆண்டுக் கூட்டு இருக்கும். நான் போன நூலகத்தில் துறைத்தலைவர் கடிதத்தை நீட்டினால், கல்லூரி முதல்வர் ரவுண்டு சீல் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். சீலோடு போனபோது பொறுப்பாளர் லீவு, சாவி அவர் வீட்டில். கடைசியில் பைண்டு கைக்கு வந்தது. 1993-94க்குப் பிப்ரவரி வரை சுத்தமாக இருந்தது, மார்ச் இல்லை.

"பிப்ரவரி இருக்குல்லம்மா, ஒரு மாசத்துக்குச் சராசரி போட்டுச் சேர்த்துக்கங்க" என்றார் நூலகத்து அண்ணன், நல்ல மனசோடு. இலை ஏலத்தைப் பொறுத்துக் கப்பலேறுகிற சரக்கு, மாதத்துக்கு மாதம் எகிறும், இறங்கும். சராசரி எங்கே போய்ப் போடுவது?

கொல்கத்தாவில் டி.ஜி.சி.ஐ.எஸ்.ஸின் வணிக நூலகம் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஊரில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி போய், கையால் நோட்டில் எழுதி, வாட்ஸப்பில் அனுப்பினாள். தொடக்க ஆண்டுகள் வேண்டுபவர்கள் நேராக அங்கே எழுதிக் கேளுங்கள். 1993-94 மார்ச் மட்டும்தான் தேவை என்றால் என்னிடம் கேளுங்கள், தருகிறேன். அவள் கையெழுத்தில் 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியாது, அதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.