சம்பளத்தோடு இரண்டு நாள்

நாங்கள் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வந்து இறங்கியது 2015 பிப்ரவரியில். திருநெல்வேலியில் வளர்ந்த எனக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலைதான். வந்த மூன்றாவது வாரம் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. அப்போதெல்லாம் புதிதாக வந்தவர்களுக்கு எங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் மருத்துவக் காப்பீடு கிடைக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பணத்தில் டாக்டருக்கும் மருந்துக்கும் கொடுத்தோம். "கனடாவில் வைத்தியம் இலவசம்" என்று எங்களை வழியனுப்பிய சித்தப்பாவிடம் அதை நான் சொல்லவே இல்லை. பெருந்தொற்று வந்த 2020 மார்ச்சில்தான் அந்தக் காத்திருப்பை எடுத்தார்கள்.

மார்ச் கடைசியில் எனக்கு தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு டெம்ப் ஏஜென்சி மூலம் வேர்ஹவுஸ் வேலை கிடைத்தது. மணிக்கு 11 டாலர், அதுதான் அன்றைய குறைந்தபட்சக் கூலி. காலை நாலரைக்கு போனில் மெசேஜ் வரும், வந்தால் வேலை உண்டு. முதல் நாள் என்னைப் பேருந்தில் கூட்டிப்போனது மேல்மாடி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக இங்கே இருப்பவர். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் எங்கே மலிவு, கையுறைக்குள் இன்னொரு கையுறை எப்படிப் போடுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இறங்கும்போது சொன்னார்: "பிள்ளை, காய்ச்சல் வந்தாலும் வேலைக்கு வா. இஞ்ச வராட்டிக் காசில்லை. ரெண்டு தரம் வராட்டி மெசேஜும் இல்லை."

அந்த வார்த்தையை நான் மூன்று வருடம் அப்படியே கடைப்பிடித்தேன்.

2018 ஜனவரி 1 அன்று ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. கேத்லீன் வின் தலைமையிலான ஒன்டாரியோவின் லிபரல் அரசு கொண்டுவந்தது. 15 டாலர் கூலி வேண்டும் என்று வருடக்கணக்கில் பேருந்து நிறுத்தங்களிலும் மால் வாசல்களிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் விடாமல் நெருக்கியதால் வந்தது என்றுதான் நான் சொல்வேன். கூலி 11.60-லிருந்து 14 டாலருக்கு ஏறியது. அடுத்த ஜனவரியில் 15 ஆகும் என்றும் சட்டத்திலேயே எழுதியிருந்தது. வருடத்துக்குப் பத்து நாள் அவசர விடுப்பு, அதில் முதல் இரண்டு நாளுக்குச் சம்பளம். அந்த விடுப்புக்கு டாக்டர் நோட், அதாவது மருத்துவச் சான்று, கேட்கக் கூடாது. ஏப்ரலிலிருந்து ஏஜென்சி ஆளுக்கும் கம்பெனி ஆளுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி.

பிப்ரவரியில் மகளுக்கு ராத்திரி முழுக்க வாந்தி. காலையில் போன் செய்து, வேலைக்கு வரமுடியாது என்று சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் "சரி" என்றார்கள். அடுத்த வாரம் சம்பளச் சீட்டைத் தாளாகவே வாங்கிப் பார்த்தேன். வேலை பார்த்தது 32 மணி நேரம், அதற்குக் கீழே தனி வரியில் 8 மணி நேரம், 112 டாலர். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு முடியாதபோது தாய் பக்கத்தில் இருப்பதை ஒரு அரசாங்கம் வேலைக்குச் சமமாக மதித்து எண்ணியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த ஜூன் 7-ஆம் தேதி மாகாணத் தேர்தல். எனக்கு ஓட்டு இல்லை. பிஆர் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, மட்டும் வைத்திருப்பவர்கள் வரி கட்டலாம், இருபத்துநாலு மணி நேரமும் உழைக்கலாம், ஓட்டுப் போட முடியாது. குடியுரிமைக்கு நான் விண்ணப்பம் கொடுத்திருந்ததே அந்த வசந்தத்தில்தான். நான்கு வருடம் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று முந்தைய கன்சர்வேடிவ் மத்திய அரசு ஆக்கி வைத்திருந்ததை 2017 அக்டோபரில் மறுபடியும் மூன்றாகக் குறைத்ததால் அதுவாவது முடிந்தது. அன்று வேலை முடிந்து அக்காவோடு பள்ளிக்கூட வாக்குச்சாவடி வரை நடந்து போனேன். அவர் உள்ளே போன ஐந்து நிமிடமும் நான் வெளியே சைக்கிள் நிறுத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டக் ஃபோர்டின் கன்சர்வேடிவ் கட்சி 40 சதவீதத்துக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கி, 124 இடங்களில் 76-ஐப் பிடித்து மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தது. பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்று சொன்ன ஒரு கட்சிக்கு, பத்தில் ஆறு இடம். நம் ஊர் மாதிரியே தொகுதியில் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற முறைதான் இங்கேயும். 2015 மத்தியத் தேர்தல்தான் இந்த முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் என்று வாக்குக் கொடுத்துப் பிரதமரான ட்ரூடோ, 2017 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார். அது நடந்தபோது அதன் கனம் எனக்குப் புரியவில்லை. 2018-ல் புரிந்தது.

நவம்பர் 21-ஆம் தேதி புதிய சட்டம் நிறைவேறியது. 15 டாலர் ரத்து, 14-லேயே நிறுத்திவைப்பு. சம்பளத்தோடு இரண்டு நாள் போனது, பதிலுக்கு நோய்க்கென்று சம்பளம் இல்லாத மூன்று நாள். டாக்டர் நோட் திரும்பி வந்தது. ஏஜென்சி ஆளுக்குச் சமக் கூலியும் போனது. 2019 ஜனவரி 1 முதல் அமல். சரியாக ஒரு வருடம் இருந்தது அந்தச் சம்பளத்தோடு இரண்டு நாள்.

ஒரு டாலர்தானே என்பார்கள். வாரம் 40 மணி நேரம், வருடம் 52 வாரம் என்று பெருக்கிப் பாருங்கள், 2,080 டாலர். எங்கள் வீட்டில் அது இரண்டு மாத வாடகை. தொழில் நடத்துபவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்று அரசு சொன்னது. அந்தச் சுமை யார் தலைக்கு மாறுகிறது என்பதைச் சொல்லவில்லை. அந்த மார்ச்சில் எனக்கு ஃப்ளூ வந்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. 224 டாலர் போனது. நோட் கேட்டார்கள், 102 டிகிரி காய்ச்சலோடு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மருத்துவக் காப்பீடு அந்தத் தாளுக்குச் செல்லாது என்பதால் 20 டாலர் கொடுத்து வாங்கிவந்தேன். டாக்டரே முகம் சுளித்தார். நோயாளி தூங்க வேண்டிய நேரத்தில் இப்படித் தாள் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்றார்.

அந்த வருடம்தான் மகள் பள்ளிக்கூடத்தில், கனடாவின் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு வித்திட்ட டாமி டக்ளஸ் பற்றிக் கட்டுரை எழுதினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ஸ்காட்லாந்திலிருந்து வின்னிபெக்குக்கு வந்த குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. காலில் எலும்பு நோய், நல்ல சிகிச்சைக்குக் காசில்லை, காலை எடுக்க வேண்டும் என்ற நிலை. மாணவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று ஒரு அறுவை மருத்துவர் இலவசமாகச் செய்ததால் கால் தப்பியது. டக்ளஸ் 1944-ல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதல்வரானார். 1947-ல் அங்கே எல்லோருக்கும் ஆஸ்பத்திரிக் காப்பீடு. டாக்டர் செலவுக்குமான காப்பீடு 1962 ஜூலை 1 அன்று தொடங்கியபோது, அவருக்குப் பின் வந்த உட்ரோ லாய்ட் முதல்வர். மாகாணத்து டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பணியவில்லை. 1966-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. ஏதோ இந்த மண்ணின் இயல்பு என்று நான் நினைத்திருந்த ஒன்று, ஒரு மாகாணத்தில் தொடங்கி இத்தனை எதிர்ப்பைத் தாங்கி வந்தது என்று தெரிந்தபோது என் மனதில் ஏதோ நிமிர்ந்தது. சம்பளத்தோடு நோய் விடுப்பும் அப்படித்தான் வரும் என்று நம்புகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2022 முதல் வருடத்துக்கு ஐந்து நாள் இருக்கிறது. வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போல மத்திய அரசின் சட்டத்துக்குள் வரும் வேலைகளில் பத்து நாள் வரை.

ஒன்டாரியோ பெருந்தொற்றிலும் அசையவில்லை. எங்கள் மால்வெர்ன் பகுதி தொற்று அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று. வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்களுக்கான பெட்டிகளைக் கட்டி அனுப்பியது நாங்கள். என் வரிசையில் இரண்டு இடம் தள்ளி நின்றவர் இருமலை மாஸ்க்குக்குள் அடக்குவதை நான் பார்த்தேன். வாடகை கட்ட வேண்டிய ஒண்ணாம் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெருந்தொற்று தொடங்கிப் பதின்மூன்று மாதம் கழித்து, மூன்றாவது அலையின் உச்சத்தில், 2021 ஏப்ரல் கடைசியில் சம்பளத்தோடு மூன்று நாள் தந்தார்கள், நாளுக்கு 200 டாலர் வரை. 2023 மார்ச் 31-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

2019-ல் குடியுரிமை கிடைத்தது. அக்டோபர் 21 அன்று மத்தியத் தேர்தலில் முதல் ஓட்டு. விரலில் மை இல்லை, பொத்தான் இல்லை. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பென்சில் ரொம்பக் கூர்மையாக இருந்தது, அதுதான் இப்போதும் ஞாபகம்.

மாகாணத்துக்கு நான் ஓட்டுப் போட்டது 2022-ல். அந்த முறை ஒன்டாரியோவில் ஓட்டுப் போட்டவர்கள் 44 சதவீதம் பேர்தான். ஃபோர்டுக்கு 83 இடம். அன்று ராத்திரி முடிவு செய்தேன், அடுத்த தேர்தலில் கதவு தட்டப் போக வேண்டும் என்று. அப்புறம் போகவும் செய்தேன்.

2025 பிப்ரவரி, முழங்கால் வரை பனி. புதிய ஜனநாயகக் கட்சி (என்டிபி) வேட்பாளருக்காக எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் மேலிருந்து கீழே வந்தோம். பதினோராம் மாடியில் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தது மட்டக்களப்புப் பெண். நோட்டீஸை வாங்காமலே, "எனக்கு வோட் இல்லை அக்கா, பிஆர் தான்" என்றாள். என்னோடு வந்தவர் பட்டியலில் குறித்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார். நான் நின்றேன். எங்கே வேலை என்று கேட்டேன். ஒரு பேக்கரியில், இரவு ஷிப்ட். "போன கிழமை எனக்குக் காய்ச்சல். டொக்டரிட்ட துண்டு வாங்கிக்கொண்டு வா எண்டு சொல்றாங்கள். எங்கட குடும்ப டொக்டருக்கு ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் நேரம் கிடைக்குது."

கேட்கக் கூடாது என்றேன். நோய்க்கான அந்த மூன்று நாளுக்கு டாக்டர் நோட் கேட்பதை இதே அரசே மறுபடி தடுத்துவிட்டது, 2018-ல் தானே திரும்பக் கொண்டுவந்ததை. சம்பளம் இன்னும் இல்லை, ஆனால் நோட் வேண்டாம். அவள் நம்பவில்லை. "எழுதித் தாங்கோ அக்கா" என்றாள். நோட்டீஸைத் திருப்பி, சுவரில் வைத்து, பின்பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதினேன்: 2024 அக்டோபர் 28 முதல். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, தேதியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.