சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்க வந்த மகனை நான்தான் திட்டினேன். 12 வயது. ஒரு வார்த்தை பேசாமல் நாலரை மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், ஏழு மணி ஆகியும் டியூஷனிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

நான் அவன் நண்பர்கள் வீடு, மைதானம் என்று சுற்றிக்கொண்டிருந்தபோது மச்சான் நேராக அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். சைக்கிள் ஸ்டாண்டில் இவன் சைக்கிள் நின்றது, ஹேண்டில்பாரில் டோக்கனின் மறுபாதியை ரப்பர் பேண்டில் சுற்றியிருந்தார்கள். அந்தத் துண்டுச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பினார் பாருங்கள், அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் நடுங்கியது, ஏனென்றால் அதுவரை பக்கத்துத் தெருவில்தான் எங்கேயோ இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

காவல் நிலையத்துக்குப் போகும்போது எட்டரை. "பசங்க கோவிச்சுக்கிட்டுப் போறது சகஜம் சார், பசிச்சா வந்துடுவான், 24 மணி நேரம் பாருங்க" என்றார்கள். புகாரை வாங்கிக்கொண்டு, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். முத்திரை குத்திய காகிதம் கையில் இருக்கிறதே, தேட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் வெளியே வந்துவிட்டேன்.

மச்சானின் நண்பர் ஒருவர் வக்கீல். அவர்தான் போனில் சத்தம் போட்டார். புகார் வந்தது என்பதற்கு மட்டும்தான் சி.எஸ்.ஆர்., அது வழக்கு ஆகாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை காணவில்லை என்றால் உடனே எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று 2013 மே மாதம் பச்பன் பசாவோ ஆந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, திரும்பப் போங்கள் என்றார். போனோம். இந்த முறை மனைவியும் வந்தாள். வக்கீல் போனிலேயே இன்ஸ்பெக்டரிடம் பேசினார். ரைட்டர் எழுத உட்கார்ந்தபோது மணி பதினொன்று. எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

புகாரில் அடையாளம் எழுதும் இடத்தில் நான் உயரம், நிறம், சட்டை என்று சொல்லிக்கொண்டே போனேன். மனைவி குறுக்கிட்டு, "இடது புருவத்துல மூணு தையல் போட்ட தழும்பு இருக்கு, அதை எழுதுங்க" என்றாள். சட்டையை மாற்றிவிடலாம், தழும்பை மாற்ற முடியாது. போட்டோவும் பள்ளிக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் வேண்டாம் என்று போன மாதம் கல்யாண வீட்டில் எடுத்ததைக் கொடுத்தாள். அப்புறம் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தோம். எடுத்த பெண் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு எங்களிடம் நிதானமாகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் மதியம் அழைப்பு வந்தது. விஜயவாடா ரயில் நிலையத்தில், நடைமேடையில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தவனை ரயில்வே பாதுகாப்புப் படையினர் விடியற்காலையில் எழுப்பியிருக்கிறார்கள். வேறு பெயர் சொல்லியிருக்கிறான், ஊர் அரக்கோணம் என்றிருக்கிறான், அப்பா நம்பர் தெரியாது என்றிருக்கிறான். அவன் வாயிலிருந்து உண்மை எதுவும் வரவில்லை. காணாமல் போன குழந்தைகளுக்கான இணையதளத்தில் ஏறியிருந்த போட்டோவையும் புருவத் தழும்பையும் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். எஃப்.ஐ.ஆர். மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் அந்தப் பதிவே இருந்திருக்காது.

உடனே கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஒரு காவலரோடு அன்று இரவே ரயிலேறினோம். அப்படி விடமாட்டார்கள். கிடைத்த பிள்ளையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும், அந்தக் குழு உத்தரவு போட்டால்தான் பெற்றோரிடம் வருவான். ஞாயிற்றுக்கிழமை குழு கூடவில்லை, அவன் காப்பகத்தில் இருந்தான். பார்க்க விட்டார்கள், பத்து நிமிடம். எங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் வாங்கிய சான்று, எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாவற்றையும் பார்த்தார்கள். இவற்றின் அசலும் இரண்டு செட் நகலும் கையில் வைத்திருங்கள், வெளியூரில் ஜெராக்ஸ் கடை தேடி அலைய முடியாது. பிறகு அவனைத் தனியாக உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார்கள், தமிழ் தெரிந்த ஒருவரை அதற்காகவே வரவழைத்திருந்தார்கள். எங்களை வெளியே நிறுத்திவிட்டார்களே என்று முதலில் கோபம் வந்தது. வீட்டில் அடித்துத் துரத்திய பிள்ளையாகவும் இருக்கலாம், அதைக் கேட்காமல் யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று காப்பகத்து அம்மா ஒருவர் சொன்னதும் அடங்கிவிட்டேன். அவர் சொன்னது நியாயம்தான், நான் திட்டியதை அவன் உள்ளே சொல்லியிருக்கிறான். குழுவில் இருந்த பெண் உறுப்பினர் அதை என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். உறுதிமொழிப் பத்திரத்தில் நானும் மனைவியும் கையெழுத்துப் போட்டோம்.

ஊருக்கு வந்த பிறகும் காவல் நிலையத்தில் அவன் வாக்குமூலம், வழக்கை முடிக்கும் வேலை என்று ஒரு வாரம் இழுத்தது. நடுவில் ஒரு நாள் அவனோடு ஸ்டாண்டுக்குப் போய் சைக்கிளை எடுத்தேன். டோக்கன் டவுசர் பாக்கெட்டிலேயே இருந்தது, தண்ணீர் பட்டு எண் பாதி அழிந்துபோயிருந்தது. நான் பின்னால் நடந்து வர, அவன் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான், திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே.