பொரளைக் கூடாரத்தில் கழன்ற காற்சட்டை

மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறி விடியலில் கொழும்பில் இறங்குவது எனக்குப் பழகிய பயணம். வெள்ளவத்தையில் அக்கா வீடு, மாலையில் தண்டவாளத்தை ஒட்டிய கடற்கரையில் நடை, மறுநாள் காலிமுகத்திடலில் இறால் வடை. இந்த முறை அந்த ஒழுங்கைக் கலைத்தவள் அக்காவின் மகள். "மாமா, பொரளைப் பக்கம் சர்க்கஸ் வந்திருக்கிறது. இன்றைக்கே போகவேண்டும்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

ஐப்பசி மழை பிற்பகல் முழுவதும் கொட்டித் தீர்த்திருந்தது. முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கி, சேற்றில் போட்டிருந்த பலகைகள் மேல் நடந்து கூடாரத்துக்குள் போனோம். ஈரத் தார்ப்பாய் வாசனையும் வறுத்த கச்சான் வாசனையும் கலந்து வந்தன. நடுவில் வட்டம். சர்க்கஸ் வட்டத்தின் குறுக்களவு வழக்கமாக 13 மீற்றர். ஓடும் குதிரையின் முதுகில் ஒருவர் நின்று சுற்றுவதற்கு ஏற்ற அளவு அது. இங்கே குதிரைகள் இல்லை, வட்டம் மட்டும் இருந்தது.

முதல் தடுமாற்றம் கம்பியில் நடந்த பெண்ணுக்கு. புழுக்கத்துக்காகப் பக்கத்தில் ஒரு பெரிய மின்விசிறியை வைத்திருந்தார்கள். அவர் நடுக்கம்பியை அடைந்த நேரம் காற்றில் குடை மடங்கிக் கிண்ணம்போல் மேல்நோக்கித் திரும்பிவிட்டது. சமநிலைக்குத் துணையான குடையே காலை வாரினால் என்ன செய்வது? முழங்காலை மடக்கி, கையை விரித்து, இரண்டு மூச்சு அசையாமல் நின்றார். கீழே நின்ற கோமாளி தன் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். அந்தக் கிண்ணத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டு மறுகரை போய்ச் சேர்ந்தார் அவர். என் மருமகள் கச்சான் சரையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள்.

ஊஞ்சல் ஆட்டம் கடைசியில். 1859இல் பாரிஸில் ழூல் லெயோதார் என்ற பிரெஞ்சு வித்தைக்காரர் ஊஞ்சல்விட்டு ஊஞ்சல் தாவிக் காட்டியபோது கீழே வலை கிடையாது, மெத்தைகள்தான். அதற்கு முன் துலூஸ் நகரில் தன் தந்தையின் நீச்சல்குளத்துக்கு மேலே பழகியவர் அவர். எதிலும் சிக்காமல் உடம்போடு ஒட்டிக்கிடக்கும் அவருடைய உடைக்குப் பிற்காலத்தில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பொரளையில் மேடை ஏறிய கோமாளியோ அதற்கு நேர் எதிராக, இரண்டு பேர் நுழையக்கூடிய தொளதொளத்த காற்சட்டையோடு வந்தார்.

அவர் பறந்தார். எதிர் ஊஞ்சலில் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்கியவர் கோமாளியின் மணிக்கட்டுக்குப் பதிலாகக் காற்சட்டையைப் பிடித்தார். காற்சட்டை அவர் கையோடு நின்றது, கோமாளி வலையில் விழுந்தார். இது பழைய வேடிக்கை, கூட்டம் எதிர்பார்த்துச் சிரித்தது. உள்ளே இன்னொரு வண்ணக் காற்சட்டை. மறுபடி ஏறி மறுபடி பறந்தார். இம்முறை கால்களைப் பிடிக்கவேண்டும். பிடித்தார், ஆனால் அந்தக் காற்சட்டையும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது!

கோடு போட்ட உள்ளாடையோடு வலையில் கிடந்தவர், வலையின் ஓரத்தை இழுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். மேலே தொங்கியவர் இரண்டு கையிலும் இரண்டு காற்சட்டைகளோடு சிரித்த சிரிப்பில், உடம்பை மடக்கி ஊஞ்சலில் எழுந்து உட்கார முடியவில்லை. மேளக்காரர் அடியை நிறுத்திவிட்டார். சிங்களத்தில் அறிவித்துக்கொண்டிருந்தவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். கூடாரம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் கவனித்தது வேறொன்று. வலையில் காலூன்றி விழுந்தால் கணுக்கால் போய்விடும், முதுகால்தான் விழவேண்டும். காற்சட்டை பறிபோன அந்த நொடியிலும் அவர் உடல் காற்றில் ஒழுங்காகத் திரும்பி முதுகால் விழுந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்து என் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மருமகள் விடவில்லை. கூடாரத்தின் பின்பக்கம் போனோம். முகச் சாயம் பாதி அழித்தபடி ஒரு முக்காலியில் இருந்தார் அந்தக் கோமாளி. கேரளத்துத் தலச்சேரிக்காரர். 1901இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய ஊர் அது என்று நான் சொன்னதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், இரண்டாவது காற்சட்டையும் கழல வேண்டுமா?" என்று கேட்டாள் மருமகள்.

"இல்லை மோளே, முதலாவது மட்டும்தான்" என்றார் மலையாளம் கலந்த தமிழில். "மூன்று நாளாக மழை. என்னுடையது காயவில்லை. தம்பியுடையதைக் கடன் வாங்கினேன். அவன் என்னைவிடப் பெரியவன்."

ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிய அந்தத் தம்பி பின்னாலிருந்து, இன்னும் சிரிப்பு அடங்காமல், "நாளைக்கும் என்னுடையதையே போடுங்கள் அண்ணா" என்றார்.

அவர் பதில் சொல்லாமல் கொடியைக் காட்டினார். தார்ப்பாயின் கீழே அவருடைய வண்ணக் காற்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.