முருங்கை மரத்துக் காக்கை

காலையில் எதிர்வீட்டு முருங்கையில் ஒரு காக்கை, தன்னளவு வளர்ந்துவிட்ட குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

வெறும் சோற்றுப் பருக்கைதான். குஞ்சு சிறகு நடுங்க, சிவந்த வாயைப் பிளந்து கத்தியது. காக்கை பறந்து போய் மறுபடி கொண்டுவந்தது.

காட்டுயிர்களையும் பறவைகளையும் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார்.

இன்றைய கர்நாடகத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி என்று வேலை பார்த்தவர். அப்புறம் மாதச் சம்பளமே வேண்டாமென்று எழுத்தை நம்பிச் சென்னை திரும்பினார். ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளிதழில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் பத்தி எழுதினார்.

யானையைப் பார்த்த அதே கண்ணால் மயிலாப்பூர் வீட்டைச் சுற்றிய காக்கையையும் மைனாவையும் பார்த்தார். எனக்கு அதுதான் பெரிது. பறவை பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். குஞ்சு அதே கிளையில் இருந்தது.