ஆறாம் கிழமைப் படம்

எலும்பு முறிந்தவர்கள் ஆறாம் கிழமை எக்ஸ்றே எடுக்க வரும்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மிஸ், பொருந்தீட்டுதோ?" வயதானவர்கள் என்றால் மிஸ் போய் "பிள்ளை" வந்துவிடும். படத்தைப் பார்த்து விளக்கம் சொல்வது டொக்டரின் வேலை. என் வேலை படம் எடுப்பது. ஆனாலும் படம் திரையில் விழுகிற அந்த முதல் நொடியில் அதைப் பார்ப்பது நான்தான். யாழ்ப்பாணத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்றே அறையில் பத்தொன்பது வருடமாக அந்த முதல் நொடி எனக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

அப்போது நான் தேடுவது ஒரு மூட்டத்தை. முறிவுக் கோட்டைச் சுற்றி, எலும்பின் வெளிவிளிம்பில், மார்கழி விடியலில் வயல் வரம்போடு ஒட்டிக் கிடக்கிற பனி போல ஒரு மெல்லிய வெள்ளை. டொக்டர்மார் அதைக் கலஸ் என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் படத்தை இருட்டறையில்தான் கழுவினோம். சிவப்பு விளக்கடியில், மருந்துத் தொட்டியில் இருந்து தூக்கினால் படத்தில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த ஈரப்படத்தை விளக்குக்கு நேரே பிடித்து மூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அன்று முழுதும் மனசு லேசாக இருக்கும். இப்போது எல்லாம் கணினித் திரைதான். ஆனால் அந்தப் பார்வை மாறவில்லை.

மூட்டம் எப்படி வருகிறது என்று படித்திருந்தேன். முறிந்தவுடன் அந்த இடத்தில் இரத்தம் கட்டும். சில நாளில் அதற்குள் மெல்லிய இழையம் வளரும், பிறகு குருத்தெலும்பு என்கிற கசியிழையம். இந்தக் கட்டத்தில் படத்தில் ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் கசியிழையத்தில் எக்ஸ்றேயை மறிக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு இல்லை. அதனால் இரண்டாம் கிழமைப் படத்தைப் பார்த்து "ஒன்றும் நடக்கவில்லை" என்று நினைத்தால் அது பிழை. உள்ளே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். சுண்ணாம்பு படியத் தொடங்கிய பிறகுதான் நமக்குக் காட்சி. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு கிழமையிலேயே தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு நாலு, ஆறு கிழமை பிடிக்கும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் எலும்பு தன்னைத்தானே செதுக்கிக்கொண்டிருக்கும். வேறு காயங்கள் தழும்பு வைத்து ஆறும். நன்றாகப் பொருந்திய எலும்பில் தழும்பு இல்லை, எலும்பேதான் இருக்கும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

ஆனால் இதைச் செய்வது யார்? படித்த பாடத்தில் "கலங்கள் பெருகும்" என்று ஒரு வரி இருந்தது. எந்தக் கலங்கள் என்று நான் கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் எலும்பு வாட்டில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் இரவு டியூட்டியில் அதைச் சொல்லித் தந்தார். 1960களில் மொஸ்கோவில் ஃபிரீடன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி எலும்புக்குள் இருக்கும் மெதுவான மச்சையை எடுத்து விலங்குகளின் உடம்பில் வேறிடத்தில் வைத்தபோது அங்கே எலும்பு உருவானதைக் காட்டியிருந்தார். அதாவது எலும்பைக் கட்டக்கூடிய ஏதோ ஒரு கலம் மச்சைக்குள் இருக்கிறது. 1991இல் அமெரிக்காவில் ஆர்னல்ட் கப்லன் அந்த வகைக் கலங்களுக்கு மெசென்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்தார். ஸ்டெம் செல் என்றால் மூலக்கலம், வேறு கலங்களாக மாறக்கூடியது. பெயர் உலகமெல்லாம் பரவியது. ஆனால் அந்தப் பெயரின் கீழ் கொழுப்பாக மாறுவது, எலும்பாக மாறுவது என்று பலவிதமான கலங்கள் கலந்து கிடந்தன. 2017இல் கப்லனே இந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். தான் வைத்த பெயரைத் தானே வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்!

பிறகு 2018 செப்டெம்பரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் சான், மைக்கேல் லோங்கேக்கர் ஆகியோரின் குழு மனிதரின் எலும்பு மூலக்கலத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தது. எலியில் அதே வேலையை அவர்கள் 2015இலேயே செய்திருந்தார்கள். கலத்தின் மேற்பரப்பில் மூன்று புரதங்கள் இருக்க வேண்டும், நாலாவது ஒன்று இருக்கக்கூடாது. அந்த அடையாளத்தை வைத்துத்தான் பிடித்தார்கள். அந்தக் கலம் எலும்பாகும், கசியிழையமாகும், மச்சைக்குள் இருக்கும் தாங்கு இழையமாகும். கொழுப்பாக மட்டும் ஆகாது. என்னை நிறுத்தியது அதற்கடுத்த செய்திதான்: எலும்பு முறிந்த இடத்தில் இந்தக் கலங்கள் பெருகுகின்றன. அப்படியென்றால் நான் இத்தனை வருடம் பார்த்த மூட்டத்துக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. அன்றிரவு வீட்டுக்குப் போகும்போது நான் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாய் ஞாபகத்துக்கு வந்தன.

மூட்டம் வராத படங்களும் வந்தன.

கள்ளுச் சீவுகிற ஐயா ஒருவர். காலில் போட்டிருந்த தளநார் நழுவிப் பனையில் இருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்துவிட்டது. முறிந்தது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. அந்த இடத்தில் சதை குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. கம்பி வைத்தார்கள். ஆறாம் கிழமை ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை. ஆறாம் மாதப் படத்தில் முறிந்த முனைகள் இரண்டும் கூம்பிப்போய், நடுவில் கறுப்பு இடைவெளி அப்படியே கிடந்தது.

பொருந்தாத எலும்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முனைகள் யானைப் பாதம் மாதிரித் தடித்து அகன்றிருக்கும். அங்கே கலங்களுக்குக் குறைவில்லை, எலும்பு அசைந்துகொண்டே இருப்பதால் பாலம் போட முடியவில்லை. இறுக்கமாகப் பிடித்துக் கொடுத்தால் போதும். மற்றது இந்த ஐயாவுடையது. முனைகள் வற்றிக் கிடக்கும். அங்கே வேலைக்கு ஆளே வரவில்லை. முன்பெல்லாம் இந்த வேறுபாட்டை ஒரு பெயராக மட்டும் தெரிந்து வைத்திருந்தேன்.

"சுருட்டு விடச் சொன்னவை, விட்டவரோ?" என்று அவருடைய மனைவியிடம் கேட்டேன். அவ தலையைக் குனிந்தா. புகை இரத்தக் குழாய்களைச் சுருக்கும், எலும்பு பொருந்துவதைத் தாமதமாக்கும். இதை வாட்டில் எல்லோரும் சொல்வோம். "கூடாது" என்றுதான் சொல்வோம். இப்போது நான் வேறு மாதிரிச் சொல்கிறேன்: "ஐயா, முறிஞ்ச இடத்திலை வேலைக்கு வந்து நிக்கிறவைக்குச் சாப்பாடு இரத்தத்திலைதான் வருது. நீங்கள் புகைச்சா அந்த வழி அடைபடும்." அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏசினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிசன்.

எங்கள் ஊரில் முறிவு நெரிவு வைத்தியம் பார்க்கிற பரியாரிமாரிடம் போய்விட்டு வருகிறவர்களும் நிறைய. மூங்கில் பத்தை வைத்து அசையாமல் கட்ட வேண்டும் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டு இறுகி, விரல் வீங்கி, நிறம் மாறி வந்த கைகளையும் இந்த மேசையில் படம் எடுத்திருக்கிறேன். இரத்தம் போகாவிட்டால் எந்தக் கலமும் வராது, கையே போய்விடும். விரல் விறைத்தால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. அந்த ஐயாவின் மகன் கனடாவில் இருந்து வட்ஸப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். வெளிநாட்டில் ஏதோ ஒரு இடம், ஸ்டெம் செல் ஊசி, ஒரே தரத்தில் எலும்பு வளருமாம். காணியை ஈடு வைப்போமா என்று கேட்டு ஐயாவின் மனைவி ஃபோனை என்னிடம் நீட்டினா. எனக்கு நெஞ்சு பதறியது. ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்த இந்தக் கலத்தை முறிவுக்கு ஊசியாக ஏற்றுவது வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. கண்டுபிடிப்பு உண்மை, விளம்பரம் வேறு. "அக்கா, காணியிலை கை வையாதேங்கோ, முதல் எங்கடை டொக்டரைக் கேளுங்கோ" என்றேன்.

டொக்டர்மார் செய்தது பழைய முறைதான். ஒன்பதாம் மாதம் அவருடைய இடுப்பெலும்பில் இருந்து கொஞ்சம் எலும்பைச் சுரண்டி எடுத்து அந்த இடைவெளியில் வைத்தார்கள். இடுப்பு எடுத்த இடம் காலைவிட நொந்தது என்று சொன்னார். அந்தச் சுரண்டலோடு மச்சையும் போகிறது, மச்சையோடு கலங்களும் போகின்றன. பெயர் தெரியாமலே அந்தக் கலங்களைச் சத்திரசிகிச்சை செய்கிறவர்கள் பல பத்து வருடமாக இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

எட்டுக் கிழமை கழித்து வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி மேசையில் ஏறிப் படுத்தார். முன்பக்கப் படத்தில் கம்பியின் நிழல் மறைத்துக்கொண்டிருந்தது. காலைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலுக்குக் கீழே மணல் பையை அணைத்து வைத்து இன்னொன்று எடுத்தேன். திரையில் விழுந்தது. எலும்பின் பின்விளிம்பில், ஒரு பக்கம் மட்டும், நகத்தால் கீறினது போல மெல்லிய வெள்ளை. பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது.

"டொக்டரிட்டைக் காட்டுங்கோ ஐயா" என்று வழமைபோலச் சொன்னேன்.

"அது காட்டுறன். நீ சொல்லு பிள்ளை, எவ்வளவு வந்திருக்கு?"

சொல்லக்கூடாது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, நடுவில் ஒரு அரிசி போகிற இடைவெளி விட்டுக் காட்டினேன். அவர் தன் விரல்களை அதேபோல வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தக் கையைக் குவித்தபடியே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஊன்றுகோலை எடுத்து, விறாந்தையில் நின்ற மனைவியிடம் காட்டப் போனார்.